பனியன் துணியில் ஓர் அங்கி

திருப்பூருக்கு நான் போனது என் முதலாளியின் கறுப்புக் கண்ணாடியோடு. மலேசியாவில், தைப்பிங்கில், அவருடைய துணிக்கடையில் பல வருடங்களாக விற்பனைக்கு நிற்கிறேன். பனியன் பிடிக்க இந்தியாவுக்கு எப்போதும் அவர்தான் போவார். அந்த வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

“நீ போ, அந்தோணி. ஆனா சம்பளத்துக்கு நிக்கிறவன்னு காட்டிக்காதே. கடையில பார்ட்னர்னு சொல்லு. ஆளைப் பார்த்துத்தான் அங்கே நல்ல சரக்கை எடுத்துப் போடுவான்” என்று சொல்லித் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார்.

நான் கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால் அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

திருப்பூரில் முதலில் காதில் விழுவது மிஷின் சத்தம். எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு சன்னலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று கடகடவென்று ஓடுகிறது. மொபெட்டுகளில் துணி மூட்டை போகிறது. ஓட்டுகிறவர் தெரிவதில்லை, மூட்டைதான் ஹாரன் அடிக்கிறது. சாக்கடை ஒரு தெருவில் சிவப்பாகவும் அடுத்த தெருவில் ஊதாவாகவும் ஓடுகிறது. எங்கள் தைப்பிங்கில் மத்தியானமானால் மழை கொட்டும். இங்கே மழையைப் பற்றிப் பேச்சு மட்டும்தான். தேநீர் எங்கள் ஊர் ‘தே தாரே’ போல நுரையோடு வந்தது, ஆனால் பாதி டம்ளர்தான். இன்னொன்று கேட்கக் கூச்சப்பட்டு எழுந்துவிட்டேன்.

காதர்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இரண்டு வடநாட்டு வியாபாரிகள் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“என்ன சொல்றாங்க?” என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ‘பாவம், கண் ஆபரேசன் பண்ணிட்டு வந்திருக்கார் போல, நிழல்லயும் கண்ணாடி போட்டிருக்கார்’னு பேசிக்கறாங்க.”

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் ஆபரேசன் இல்லை என்று தெரிந்துவிடுமே.

மறுநாள் எங்களுக்கு வழக்கமாகச் சரக்கு அனுப்பும் கம்பெனிக்குப் போனேன். உரிமையாளர் கந்தசாமி வாசல் வரை வந்து கும்பிட்டார். நெற்றி நிறைய விபூதி, மேசைக்குப் பின்னால் பெரிய முருகன் படம்.

“பார்ட்னருங்களா? ரொம்ப சந்தோசமுங்க. உக்காருங்க.”

நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. சிறிது நேரத்தில் கால் மரத்துப்போனது.

எங்கள் சரக்கில் ஒரு சிக்கல். சிவப்பு பனியன்களுக்குச் சாயப்பட்டறையில் ஷேடு தப்பிவிட்டது. செங்கல் நிறத்தில் வந்திருந்தது. “திங்கக்கிழமை சரியா வந்துருமுங்க, நம்பி இருங்க” என்றார் கந்தசாமி. அன்று சனிக்கிழமை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்கு மனமில்லை.

டீ வந்தபோது பழக்கதோஷத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நீளமான மேசையில் பனியன்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. கந்தசாமி போன் பேச உள்ளே போனதும் மெல்ல வந்தார்.

“ஏனுங்க, நம்ம வேதமுங்களா?”

அவர் பெயர் ஆரோக்கியம். இங்கே பக்கத்தில் கோயில் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டேன். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது.

“எங்க ஊருக்கே வந்துருங்க. அவிநாசிபாளையத்துக்குப் பக்கமுங்க. நாளைக்குப் பவனி இருக்குதுங்க. நீங்க வந்தா எங்களுக்குப் பெரிய ஒத்தாசைங்க.”

நான் வருவதில் என்ன ஒத்தாசை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். சாயங்காலம் டவுன் பஸ்களில் ஆட்கள் படிக்கட்டு தாண்டித் தொங்கினார்கள். ஆரோக்கியத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். மடியில் என் பை, முதுகில் அவர் ஊருக்குக் கொண்டுபோகும் கழிவுத்துணி மூட்டை. தாராபுரம் ரோட்டில் பாதி வழியில் பின் சக்கரம் பஞ்சரானது. என் எடைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். “இந்த டயர் பழசுங்க” என்றார் அவர்.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பங்குனி உத்திரத்துக்காகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் பச்சை வேட்டியோடு எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஊரில் குருத்தோலை ஞாயிறன்று ஒருவருக்கு ஆண்டவர் போல அங்கி போட்டு, கழுதை மேல் உட்காரவைத்து, துண்டு விரித்துக் கோயிலுக்கு அழைத்துப் போவார்களாம். ஊரில் இருப்பது மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. கழுதை மேல் யார் ஏறுவது என்று ஒரு வருடம் அடிதடியாகி, ஒருவருக்கு மண்டை உடைந்தது. பங்குச் சாமியார் ஒரு தீர்ப்புச் சொன்னார்: இனி உள்ளூர்க்காரர் ஏறக் கூடாது, அசலூர் ஆள்தான். அன்றிலிருந்து சாயப்பட்டறைக்கு வந்த பீகார்க்காரர் ஒருவர், தைக்க வந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் என்று ஏறியிருக்கிறார்கள். போன வருடம் ஆள் கிடைக்கவில்லை, பவனியும் இல்லை.

“இந்த வருசமும் நடக்கலீன்னா அத்தோட விட்டுருங்கன்னு சாமி சொல்லீட்டாருங்க. ஆளு கொண்டுட்டு வர்றது என்ற பொறுப்புன்னு நான் வாக்குக் குடுத்திருக்கறனுங்க” என்றார் ஆரோக்கியம்.

“எனக்குக் கூச்சம் அதிகம், ஆரோக்கியம்.”

“கூச்சப்படறவிங்கதானுங்க வேணும். போனவாட்டி ஏறுன தூத்துக்குடிக்காரரு மேல இருந்துட்டு எல்லாருக்கும் கையாட்டுனாருங்க. எலக்சன் மாதிரி ஆயிப்போச்சு.”

பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டில் அவர் மனைவி ரோசலி அரிசிம்பருப்புச் சாதம் போட்டார். தவக்காலம், கறி இல்லை. நெய்யைத் தாராளமாக ஊற்றினார். கொத்துமல்லித் துவையல். எங்கள் ஊரில் சோற்றுக்குப் பக்கத்தில் நெத்திலி இல்லாவிட்டால் எனக்கு இறங்காது. அன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள்.

“ஒறம்பரை எந்த ஊருங்க?” என்று விருந்தாளியான என்னைக் காட்டிக் கேட்டார் ஒருவர்.

“மலேசியாவாமா.”

“அப்ப கண்டிப்பா கீழத்தெருவுக்குச் சொந்தம் இருக்காது” என்று ஒருவர் திருப்தியாகச் சொன்னார்.

“உங்க தெருவுக்கும் இருக்காது, பேசாம இரு” என்றார் இன்னொருவர்.

காலையில் அங்கியைக் கொண்டுவந்தார்கள். பனியன் துணி! ரோசலியும் அவரோடு கம்பெனியில் தைக்கிற பெண்களும் சேர்ந்து ஓவர்லாக் மிஷினில் அடித்தது. வெள்ளை வெளேரென்று, கால்வரை. பீகார்க்காரருக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் பொருந்திய அதே அங்கி எனக்கும் பொருந்தியது. பனியன் துணி யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் என் தொப்பையை அது ஒளிக்கவும் இல்லை. தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டார்கள். கறுப்புக் கண்ணாடியை ரோசலி வாங்கி அலமாரியில் வைத்தார்.

கழுதை, ஊரில் துணி வெளுக்கிற ஒருவருடையது. சாயம் போகிற ஈரத் துணி மூட்டை சுமந்து சுமந்து அதன் விலாப்புறம் ஒரு பக்கம் ரோஸாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் ஊறிப்போயிருந்தது. முதுகில் சாக்கு மடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ஏறும்போது, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் என் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். என் வயதுள்ள ஒருவர் என் காலைப் பிடிப்பதா என்று கூசினேன்.

பிறகு ‘ஓசன்னா’ பாட்டுக் கிளம்பியது. அப்படி ஒரு சத்தத்தை நான் எங்கள் ஊர்க் கோயிலில் கேட்டதில்லை. நாங்கள் வாய்க்குள் பாடுகிறவர்கள். இவர்கள் ஓலையை ஆட்டிக்கொண்டு, ஓடி ஓடி முன்னால் போய்த் துண்டு விரித்தார்கள், கழுதை தாண்டியதும் எடுத்து மறுபடி முன்னால் ஓடினார்கள். ஒரு அம்மா என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது எனக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் தொட்டது என் காலைத்தானே. எனக்கு அழுகை வந்தது. கயிற்றைப் பிடித்து முன்னால் போன ஆரோக்கியம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கொஞ்ச நேரம் நான் கூச்சத்தை மறந்திருந்தேன்.

ஊர் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கோயில் அந்தப் பக்கம். தாராபுரம் ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. முன்னால் சாமந்தி மாலை, உள்ளே முன் சீட்டில் விபூதி. கந்தசாமி. முந்தின நாள் என்னை லாட்ஜில் இறக்கிவிட்டது அதே கார்தான்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை உட்கார்ந்தே இருந்திருப்பேன். ‘பார்ட்னர்’ கழுதை மேல், பனியன் துணியில், தொப்பையோடு. இது போனில் தைப்பிங்குக்குப் போகும் என்பது மட்டும் மண்டையில் அடித்தது. காருக்கு மறுபக்கமாகச் சறுக்கி இறங்கினேன். அங்கியின் வயிற்றுப் பக்கம் கயிற்று முடிச்சில் மாட்டி இழுத்தது. பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து ஒருவர் முதுகுக்குப் பின்னால் குனிந்தேன்.

பாட்டு நின்றது.

“எறங்கீட்டாரு” என்றது ஒரு குரல்.

“அப்ப எங்க பெரியவன் ஏறட்டும், பாதியில நிக்கக் கூடாது” என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர்.

“ஏன், எங்காளு ஏறுனா கழுதை ஒதைக்குமா?” என்றார் கீழத்தெருவிலிருந்து ஒருவர்.

துண்டு வைத்திருந்த கைகள் இறுகுவதைப் பார்த்தேன். ஆரோக்கியம் கயிற்றைப் பிடித்தபடி என்னைத் தேடினார், கண்டுபிடித்தார். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ‘விழுந்துவிட்டாரோ’ என்பது மாதிரித்தான் பார்த்தார்.

கார்க் கதவு திறந்தது. கந்தசாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்து நின்றார். கை இரண்டும் குவிந்திருந்தன.

“ஆருங்க சாமி வர்றாரு?” என்று கேட்டவர், நிமிர்ந்து பார்த்து, “மேல ஆளைக் காணோமுங்க?” என்றார்.

ஒரு விரல்கூட என் பக்கம் நீளவில்லை. என் காலைத் தொட்டுக் கும்பிட்ட அந்த அம்மா இரண்டடி நகர்ந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். முந்தானையை உதறுவதுபோல விரித்துப் பிடித்துக்கொண்டார். என் வெள்ளை அங்கி அதற்குப் பின்னால் மறைந்தது. மேலத்தெருவா கீழத்தெருவா தெரியாது, இன்னும் நாலைந்து பேர் நெருங்கி நின்று அடைத்துக்கொண்டார்கள். கழுதை மேல் யார் என்பதில் மண்டையை உடைத்தவர்கள், என்னை மறைப்பதில் ஒன்றாக நின்றார்கள்.

ஆரோக்கியம்தான் பதில் சொன்னார். “எங்க சாமிதானுங்க வர்றாரு, மொதலாளி. இந்தத் தெருவும் இல்லீங்க, அந்தத் தெருவும் இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாதுங்க.”

கந்தசாமிக்கு அது விளங்காத பேச்சாகவே படவில்லை. தலையை ஆட்டினார். தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து ரோட்டில் விரித்தார். வெறுங்கழுதை அதன் மேல் குளம்பு வைத்து நடந்தது.

அவ்வளவுதான். மேலத்தெருக்காரர் தன் துண்டை அதற்குப் பக்கத்தில் போட்டார். கீழத்தெருக்காரர் அதற்கு அடுத்து. பாட்டு எழுந்தது, முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது கேட்டதைவிடப் பெரிதாக எழுந்தது. காலியான அந்தச் சாக்கின் மேல் ஓலையைத் தூவிக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். கார் போனதும் நான் கடைசியில் நடந்தேன். ரோட்டில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, தூசி தட்டி, உரியவர்களிடம் கொடுத்தேன். நல்ல காரியம் என்று அதைச் செய்யவில்லை. முகத்தைக் குனிந்தே வைத்துக்கொள்ள ஒரு வேலை வேண்டியிருந்தது.

மத்தியானம் ரோசலி அதே நெய்யை அதே அளவு ஊற்றினார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அங்கியை ஆரோக்கியம் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சிவப்பு சரியாக வந்திருந்தது. பீஸ்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஆரோக்கியம் தன் மேசையில் முதுகைக் காட்டி நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து ஒண்ணு பாத்தனுங்க” என்று கந்தசாமி ஆரம்பித்தார். “பழனிக்குப் போறப்ப உங்காளுங்க வெறுங்கழுதைக்குத் துண்டு விரிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. மனசு என்னமோ ஆயிப்போச்சுங்க. நம்ம ஆரோக்கியந்தான் கயிறு புடிச்சிருந்தான். நீங்க போகலீங்களா?”

இஸ்திரிப்பெட்டி நின்றது.

‘இல்லை’ என்று சொல்வது எளிது. அங்கே ஆரோக்கியத்தைத் தவிர எனக்குச் சாட்சி இல்லை. அவரும் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எனக்கு நேற்றே தெரிந்துவிட்டது. அதனால்தான் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன்.

“அந்தக் கழுதை மேல நான்தான் இருந்தேன். உங்க காரைப் பார்த்ததும் இறங்கி ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“என்ற காரையா? ஏனுங்க?”

“நான் பார்ட்னர் இல்லை. கடையில வேலை செய்றவன்.”

“அது தெரியுமுங்களே” என்றார் கந்தசாமி. “வந்தன்னிக்கே பிரிச்சுப் பாத்த பனியனையெல்லாம் மறுக்கா மடிச்சு வெச்சீங்க. மொதலாளிக பிரிச்சுப் போட்டுட்டுப் போவாங்களே தவிர, மடிப்பாங்களா? நாமளே கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுன்னு விட்டுட்டனுங்க.”

நான் யாருக்குப் பயந்து இறங்கினேனோ, அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நானும் பழனிக்கு நடந்து வர்றேன்னு வேண்டியிருந்தவனுங்க. சோலி இருக்குதுன்னு சாக்குச் சொல்லிக் கார்ல போனேன். நேத்து அந்தக் கழுதையைப் பாத்தப்பறம், கொஞ்ச தூரம் போயி எறங்கி, காரை முன்னால அனுப்பிட்டு நடந்தனுங்க.”

“பழனி வரைக்குமா?”

“எங்கீங்க. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும். கால் எரிஞ்சுது, ஏறிட்டேன்.” சிரித்துவிட்டு டீ சொல்லப் போனார்.

நான் இஸ்திரி மேசைக்குப் போனேன். ஆரோக்கியத்துக்கு முன்னால் விரிந்து கிடந்தது பனியன் இல்லை, அந்த அங்கி. ரோசலி இரவே துவைத்திருக்கிறார்.

“மன்னிச்சிருங்க” என்றேன்.

“அட, விடுங்க. ரண்டு தெருவும் நேத்து ராத்திரி பேசி முடிச்சாச்சுங்க. இனி அசலூர் ஆளும் தேட வேண்டியதில்லீங்களாம். யாரும் ஏற வேண்டாம், கழுதை மேல அங்கியை மட்டும் விரிச்சுக் கூட்டிட்டுப் போலாமுன்னு. சாமியாரும் சரீன்னுட்டாருங்க.”

நான் ஓடியதை அவர்கள் ஒரு வழக்கமாக ஆக்கிக்கொண்டார்கள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருப்பேன். இதை எங்கே வைத்துக்கொள்வது?

அவர் அங்கியின் மேல் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்தார். மற்ற இடமெல்லாம் தகடுபோல ஆனது. வயிற்றுப் பக்கம், கயிற்று முடிச்சில் மாட்டி நான் பிடுங்கிய இடம், ஒரு கை அகலத்துக்குத் தொய்ந்து பை போல நின்றது. திருப்பிப் போட்டுத் தேய்த்தார். மறுபடியும் தெளித்தார். ஆவி எழும்பி அடங்கியது. தொய்வு அப்படியே இருந்தது.

“போகாதா?” என்று கேட்டேன்.

“பனியன் துணி இழுத்தா இழுத்ததுதானுங்க” என்றார் ஆரோக்கியம். கையால் அந்த இடத்தை ஒருமுறை நீவிவிட்டு, மடிக்கும்போது அது வெளியே தெரியாதபடி உள்பக்கமாக வைத்து மடித்தார்.